கூத்துக்கு எத்தனை பிட் வேண்டும்?

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழா நாட்கள் பகலில் பாரதப் பிரசங்கத்தோடும் இரவில் தெருக்கூத்தோடும் நகர்ந்து, படுகளத்திலும் தீமிதியிலும் முடிகின்றன. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியையும் சுற்றுப்புற ஊர்களையும் வைத்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரியதொரு நூல் எழுதினார். ரிச்சர்ட் ஃப்ராஸ்கா 1990இல் பாரதக் கூத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் கூத்தைப் பதிவு செய்ய நினைத்தவர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் கைப்பேசி இல்லாதவர் குறைவு. கொஞ்சம் அக்கறையுள்ள இளைஞர்கள் தனியாகவே பதிவுக் கருவி வாங்குகிறார்கள். வாங்கும்போது அவர்களைக் குழப்பும் முதல் கேள்வி, 16 பிட்டா, 24 பிட்டா, இல்லை இப்போது வந்திருக்கும் 32 பிட்டா என்பதுதான். விளம்பரங்கள் இந்த எண்ணை ஒலியின் தரத்துக்கே அளவுகோல் போலக் காட்டுகின்றன. எண் கூடினால் குரல் தெளிவாகும், முகவீணை இனிமையாகும் என்ற நம்பிக்கை அப்படித்தான் பரவியிருக்கிறது. பிட் எண்ணிக்கைக்கும் இனிமைக்கும் நேரடி உறவு கிடையாது. அதற்கு உறவு ஒலியின் வீச்சோடு மட்டுமே. ஒரு பதிவு தாங்கக்கூடிய மிக உரத்த ஒலிக்கும், இரைச்சலில் மூழ்காமல் அது காட்டக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் உள்ள தூரமே ஒலிப்பதிவாளர்கள் டைனமிக் ரேஞ்ச் என்று சொல்லும் வீச்சு. கூத்தைப் பதிவு செய்கிறவருக்கு 24 பிட் அவசியம் என்பதும், அதைக் கேட்கிறவருக்கு 16 பிட்டே போதும் என்பதும் முரணாகத் தெரியலாம். ஆனால் இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வருபவை.

கணக்கு எளிதானது. மைக் தரும் மின் அலையை டிஜிட்டல் கருவி ஒவ்வொரு நொடியும் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை. அந்த எண்ணை 0, 1 என்ற இரும இலக்கங்களில் எழுத எத்தனை இலக்கங்கள் என்பதுதான் பிட். 8 பிட் என்றால் 256 படிநிலைகள், 16 பிட் என்றால் 65,536, 24 பிட் என்றால் 1,67,77,216. உண்மையான அளவு இரண்டு படிநிலைகளுக்கு நடுவில் விழும்போது அருகிலுள்ள ஒன்றுக்குத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் திருத்தத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பிழை சேர்கிறது. காதுக்கு அது மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். ஒரு பிட் கூடினால் படிநிலைகள் இரட்டிப்பாகும், பிழை பாதியாகும், இரைச்சல் ஏறத்தாழ 6 டெசிபல் இறங்கும். ஆகவே பிட் எண்ணிக்கையை ஆறால் பெருக்கினால் வீச்சு கிடைத்துவிடும்: 8 பிட்டுக்கு 48, 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144 டெசிபல். நுணுக்கமான சூத்திரம் இதோடு இன்னும் சுமார் 2 டெசிபல் சேர்க்கும். நமக்கு இது போதும்.

இந்த இறக்கம் எந்தத் திசையில் நடக்கிறது என்பதில்தான் குழப்பம். டிஜிட்டல் பதிவு என்பது ஓர் ஏரி மாதிரி. உரத்த ஒலிக்கு உச்ச வரம்பு கரை. அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, பதிவு கரகரக்கும். பிட்டைக் கூட்டுவதால் கரை உயராது. ஏரியின் தரைதான் ஆழமாகும். அந்த ஆழத்தில் ஏற்கெனவே வண்டல் கிடந்தால், எவ்வளவு வெட்டினாலும் தண்ணீர் நிற்கும் இடம் கூடுவதில்லை. மைக்கின் சொந்த இரைச்சல், கருவியின் மின்சுற்று இரைச்சல், ஊரின் இரவு இரைச்சல் மூன்றும் அந்த வண்டல். 24 பிட் என்று எழுதியிருக்கும் எந்தக் கருவியும் 144 டெசிபலை எட்டுவதில்லை என்பதற்கும் காரணம் இதுவே. மின்தடைகளுக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அசைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அசைவே ஓர் இரைச்சல். மிக நல்ல கருவிகள் 120 டெசிபலைச் சுற்றி நின்றுவிடுகின்றன. அது 20 பிட்டுக்குச் சமம். மீதி நான்கு பிட்டுகளில் பதிவாவது வெறும் சீறல்.

இனிக் கூத்துக் களத்துக்கு வருவோம். முகவீணை, மத்தளம், டோலக், தாளம், ஆர்மோனியம், பின்பாட்டு, நடிகர் கிருக்கி என்ற வேகச் சுழற்சி சுற்றும்போது சலங்கை என்று எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் கணத்தில், அருகில் இருக்கும் மைக்கைத் தாக்கும் உச்ச ஒலியைத் தாராளமாக 115 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அடித்தளம் எது? ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பாக வைத்திருக்கின்றன. அந்த விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. கூத்து உயிரோடிருக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்குமா தெரியவில்லை. திண்டிவனம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இரவிலும் பேருந்துகளும் லாரிகளும் ஓய்வதில்லை. ஐந்து திசைகளில் பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பில் இரவெல்லாம் ரயில் வந்து போகிறது. அவற்றிலிருந்து ஒதுங்கிய ஊரிலும் சில்வண்டும் ஜெனரேட்டரும் கூட்டத்தின் முணுமுணுப்பும் இருக்கும். அடித்தளத்தை 40 டெசிபல் என்று வைத்தால் கூத்தின் மொத்த வீச்சு 75 டெசிபல். 13 பிட்டில் அது அடங்கிவிடும்! குறுந்தகட்டை வடிவமைத்த நாட்களில் பிலிப்ஸ் 14 பிட் போதும் என்று வாதாடியது, சோனி 16 பிட் வேண்டும் என்று நின்று வென்றது. 1982இல் 16 பிட் குறுந்தகடு வந்தபோதும் பிலிப்ஸின் முதல் கருவியில் இருந்தது எண்களை மின் அலையாக்கும் 14 பிட் மாற்றிதான், வேறொரு நுட்பத்தால் அதன் இரைச்சலைக் குறைத்திருந்தார்கள். நம் கூத்தின் கணக்குப்படி பிலிப்ஸ் சொன்னதில் தவறில்லை. கேசட்டின் வீச்சு 50, 60 டெசிபலுக்குள் அடங்கியது என்பதையும், அதில்தான் ஒரு தலைமுறையே கூத்தையும் சினிமாப் பாட்டையும் ரசித்துக் கேட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 16 பிட்டை ஏழைப் பண்டமாக நினைக்க இடமே இல்லை.

அப்படியானால் 24 பிட் எதற்கு? மேலே சொன்ன கணக்கு, உச்ச ஒலி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால் மட்டும் செல்லும். கூத்தில் அது தெரியாது. மாலையில் மத்தளத்தைத் தட்டிப் பார்த்து லெவல் வைத்துவிட்டுப் பதிவாளர் உட்காருவார். நள்ளிரவில் துரியோதனன் திரையைக் கிழித்துக்கொண்டு வருவதுபோல் வந்து நிற்கும்போது கூட்டம் விசிலடிக்கும், வேட்டு வெடிக்கும், வாத்தியக்காரர்களுக்கும் வேகம் ஏறும். கரையைத் தாண்டிய டிஜிட்டல் ஒலியை மீட்க வழியில்லை. நாடாவில் உச்சம் மெல்ல மழுங்கும், டிஜிட்டலில் நேராக வெட்டுப்படும். ஆகவே விவரம் தெரிந்த பதிவாளர் எதிர்பார்க்கும் உச்சத்துக்கு மேல் 20 டெசிபல் இடத்தைக் காலியாக விட்டுக் கெயினை வைப்பார். இப்போது கூட்டிப் பாருங்கள். 75உடன் 20 சேர்ந்தால் 95. 16 பிட்டின் 96 டெசிபல் முழுதும் செலவாகிவிட்டது. கருவியின் இரைச்சலும் ஊரின் இரைச்சலும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கின்றன. இரண்டும் சேர்ந்தால் அடித்தளம் 3 டெசிபல் உயரும். 24 பிட் கருவியின் உண்மையான வீச்சை 115 என்று குறைத்து மதிப்பிட்டாலும், மேலே 20 விட்டது போக ஊர் இரைச்சலுக்குக் கீழே இன்னும் 20 டெசிபல் மிஞ்சுகிறது.

அந்த 20 டெசிபல் வீண் என்று ஒருவர் சொல்லலாம். இரைச்சலுக்கு அடியில் என்ன கேட்கப் போகிறது? காது அப்படி வேலை செய்வதில்லை. சில்வண்டின் சத்தம் பெரும்பாலும் உயர்ந்த சுருதிகளில் குவிந்திருக்கிறது. தாழ்ந்த சுருதியில் ஒருவர் முனகினால், மொத்த இரைச்சலைவிட மெல்லியதாக இருந்தாலும் காது அதைப் பிரித்தெடுத்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் தூரம். திறந்த வெளியில் ஒலிமூலத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அதாவது சரியாக ஒரு பிட். ‘அர்ச்சுனன் தபசு’ நடக்கும் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறார். கீழே ஒரு மீட்டரில் இருந்த மைக்கிலிருந்து அவர் எட்டு மீட்டர் விலகும்போது தூரம் மூன்று முறை இரட்டிப்பாகியிருக்கிறது, குரல் 18 டெசிபல் இறங்கியிருக்கிறது. பின்னால் அந்தப் பகுதியைக் கேட்கும்படி செய்ய அதே 18 டெசிபலை உயர்த்த வேண்டும். உயர்த்தும்போது அடியில் கிடக்கும் எல்லாமே கூட எழும். 24 பிட் பதிவில் எழுவது ஊரின் இரவு. 16 பிட்டில் சிக்கனமாக லெவல் வைத்த பதிவில் அதோடு கருவியின் சீறலும் எழும். ஊரின் இரவு கேட்பவருக்குப் பிடிக்கும், களம் கண்முன் வரும். சீறல் யாருக்கும் பிடிக்காது.

இதுவரை சொன்னதில் இனிமை எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். ஆனால் இசைக் கருவிகள் விற்கும் கடைகளிலும் ரசிகர் வட்டங்களிலும் வலுவாகப் பேசப்படும் ஒரு மறுப்பு உண்டு. 16 பிட்டில் அலை படிக்கட்டு போல உடைந்துபோகிறது, 24 பிட்டில் வழவழப்பாக இருக்கிறது, எனவே நுணுக்கமான கமகங்கள் அதில்தான் சரியாக விழும் என்பது அந்த வாதம். படத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கருவியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் அலையில் படிக்கட்டு கிடையாது. எண்களை மீண்டும் மின் அலையாக்கும் வடிகட்டி, புள்ளிகள் வழியாகச் செல்லக்கூடிய ஒரே ஒரு சீரான வளைவை வரைந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது திருத்தப் பிழை மட்டுமே. மிக மெல்லிய ஒலிகளில் அந்தப் பிழை இசையோடு ஒட்டிக்கொண்டு உருக்குலைவாகக் கேட்கும் என்பது உண்மை. அதற்கு வைத்தியம் பழையது: எண்ணாகத் திருத்துவதற்கு முன் மிகச் சிறிய அளவில் தாறுமாறான இரைச்சலைக் கலந்துவிடுவது. ஒலிப்பதிவாளர்கள் இதை டிதர் என்பார்கள். கலந்ததும் பிழை இசையிலிருந்து பிரிந்து, சீரான மெல்லிய சீறலாக மாறிவிடுகிறது. ஒரு படிநிலையைவிடச் சிறிய ஒலிகூட அந்தச் சீறலுக்குள்ளிருந்து கேட்கிறது. இரைச்சலைச் சேர்த்து ஒலியைக் காப்பாற்றுவது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் 1960களிலேயே படங்களுக்கு இது செய்துபார்க்கப்பட்டது, 1980களில் ஒலிக்கு இதன் கணிதம் தெளிவாக வகுக்கப்பட்டது.

காதுகளைக் கேட்டே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தர டிஜிட்டல் தட்டுகளின் ஒலியை நேராகவும், குறுந்தகட்டின் 16 பிட் வழியாக வடித்தும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை வந்தது; நாணயம் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். இசை இல்லாத அமைதியில், ஒலியை இயல்பை மீறி ஏற்றி வைத்தபோது மட்டும் 16 பிட்டின் சீறல் பிடிபட்டது. அந்தத் தட்டுகளில் சில உண்மையிலேயே உயர்தர மூலத்திலிருந்து வந்தவையா என்று பிறகு கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான். லண்டனின் குவீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் 2016இல் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சரியான விடைகள் 52.3 விழுக்காடு வந்தன. பயிற்சி பெற்ற காதுகளிடம் அது இன்னும் கூடியது. ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. நிசப்தமான அறையில், பழகிய காதுகள் தேடிப் பிடிக்கும் வித்தியாசம் அது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, கூரையில்லாத களத்தில் எடுத்த கூத்தைக் கேட்பவருக்கு அது எட்டாது.

32 பிட் ஃப்ளோட் என்ற புது வரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் ஸூம் நிறுவனம் எஃப்6 என்ற சிறிய கருவியில் இதைக் கொண்டுவந்த பிறகு களப்பதிவு செய்பவர்களிடையே பேச்சு இதுதான். இதில் எண்ணை எழுதும் முறையே வேறு: 24 பிட் அளவுக்கு நுணுக்கத்தை வைத்துக்கொண்டு, மீதி 8 பிட்டில் பெருக்க வேண்டிய மடங்கை எழுதிக்கொள்கிறது. காகிதக் கணக்கில் வீச்சு 1,500 டெசிபலைத் தாண்டும். அவ்வளவு வீச்சுள்ள ஒலி இந்தப் பூமியில் சாத்தியமே இல்லை. இதன் பயன், லெவல் வைக்கத் தெரியாதவரும் வெட்டுப்படாமல் பதிவு செய்யலாம் என்பது. உயர்ந்த கெயினில் ஒன்றும் தாழ்ந்த கெயினில் ஒன்றுமாக இரண்டு மாற்றிகள் ஒரே நேரத்தில் அளப்பதால் அந்த வசதி கிடைக்கிறது. மைக்கே தாங்காத ஒலி வந்தால் கருவி எத்தனை பிட்டில் எழுதினாலும் கெட்டதைத்தான் எழுதும். தனியாளாகப் பதிவு செய்துகொண்டே கேமராவையும் பார்க்க வேண்டியவருக்கு இது நல்ல துணை. லெவலைக் கவனிக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் 24 பிட்டே தாராளம்.

உண்மையில் விழுப்புரத்துக் கூத்துப் பதிவுகள் கெட்டுப்போகும் இடம் பிட் அல்ல என்பதுதான் என் குற்றச்சாட்டு. கைப்பேசியில் பதிவு செய்யும்போது ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் ஏற்பாடு ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டியக்காரன் காதோடு காதாகப் பேசுவதை அது உயர்த்தும், துரியோதனன் கர்ஜிப்பதை அமுக்கும். 75 டெசிபல் வீச்சில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. போனதைத் திரும்பப் பெற முடியாது. அதை 24 பிட்டில் சேமித்தாலும் அமுங்கிய ஒலி அமுங்கியதுதான். அடுத்தது களத்து மைக்செட். நடிகர்கள் தொங்கும் மைக்குக்கு முன் வந்து பாட, கூம்பு ஒலிபெருக்கி அந்தக் குரலின் உச்சங்களை எல்லாம் தேய்த்துத் துப்புகிறது. பதிவுக் கருவியை அந்தக் கூம்புக்கு நேரே வைப்பவர் கூத்தைப் பதிவு செய்வதில்லை, கூம்பைப் பதிவு செய்கிறார். அதன் பிறகு அந்தக் கோப்பு வாட்ஸாப்பில் சுருங்கிப் போகிறது. பைட்டைச் சேமிக்க, காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதிகளைச் சுருக்க முறை வெட்டியெறிகிறது. கூட்டத்தின் ஆரவாரமும் தாளத்தின் கிணுகிணுப்பும் அப்படிப்பட்ட கணக்குகளுக்கு அடங்காதவை, அதனால் முதலில் சிதைவது அவைதான். ஒரு கருவியில் 24 பிட்டையும் தாண்டிய எண்ணுக்குச் செலவிடும் பணத்தை, பின்பாட்டுக்காரர்களுக்கு அருகில் வைக்கக்கூடிய இன்னொரு மைக்குக்கும், ஜெனரேட்டரிலிருந்து தள்ளி இழுக்கப் போதுமான கேபிளுக்கும் செலவிட்டால் வீச்சு எவ்வளவோ கூடும்.

ஆவணக் காப்பகங்களின் பேச்சு இதற்கு நேர்மாறாகத் தோன்றலாம். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வகுத்திருக்கிறது. பழைய நாடாக்களைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகங்கள் நம் நாட்டிலும் உண்டு. 1982இல் தொடங்கப்பட்ட குருகிராமின் இனவியல் இசை ஆவண மையம் அவற்றில் ஒன்று. 60 டெசிபல்கூட இல்லாத கேசட்டை 24 பிட்டில் எழுதுவது கிணற்று நீரை எடுக்கக் கடல் கப்பல் வாங்குவது போல இருக்கிறதே என்றால், அந்த அளவு கேசட்டின் இனிமைக்காக வைக்கப்பட்டதில்லை. நாடாவில் இருக்கும் லெவல் ஏறுமாறாக இருக்கும், மேலே இடம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். பிறகு சீறல் நீக்க, வேகம் திருத்த, லெவல் சமன் செய்ய என்று பல முறை கணக்கு போடுவார்கள், ஒவ்வொரு கணக்கிலும் ஒரு திருத்தப் பிழை சேரும். அந்தப் பிழைகள் அடுக்கடுக்காகக் குவிந்தாலும் நாடாவின் சீறலுக்குக் கீழேயே அடங்கிவிட வேண்டும் என்பதே நோக்கம். இடமும் இன்று ஒரு பொருட்டில்லை. எட்டு மணி நேரக் கூத்து, இரண்டு சேனல், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 16 பிட்டில் சுமார் 5.5 ஜிபி, 24 பிட்டில் 8.3 ஜிபி. வேவ் கோப்புக்கு 4 ஜிபி என்ற பழைய எல்லை இருப்பதால் கருவி அதை இரண்டு மூன்று துண்டாக எழுதும். துண்டுகளின் பெயரை மாற்றாமல் ஒன்றாக வைத்துக்கொண்டால் தொல்லையில்லை.

ஆக, ஒரு கூத்து இரவை எடுப்பவர் கெயினை அவசரமின்றி இறக்கி, உச்சம் கரைக்கு 20 டெசிபல் கீழே நிற்கும்படி 24 பிட்டில் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துவிட்டு, மறுபிரதியில் தபசு மரத்துப் பாட்டை உயர்த்துவதும் வேட்டுச் சத்தத்தை அடக்குவதும் செய்யலாம். எல்லா வேலையும் முடிந்து, ஊர்க்காரர்களுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் கடைசிக் கட்டத்தில், ஒரே ஒரு முறை டிதர் சேர்த்து 16 பிட்டாக்கினால் போதும். இடையில் 16 ஆக்கிவிட்டு மீண்டும் 24 ஆக்குவதில் எந்தப் பயனும் இல்லை. அடியில் சேர்ந்த எட்டு பிட்டும் பூஜ்யமாகவே இருக்கும்.